கண்ணாடி ஜன்னல் தெருவுக்கு ஒரு குரல்

6 ஜூலை 2025, ஞாயிறு

ஐந்தாவது நடையையும் இன்று பேசிப் பதிந்து முடித்தேன். ஆம்ஸ்டர்டாம் என்கிற ஊரை ஐந்து தடவை சுற்றிவிட்டேன், திருத்தங்கலை விட்டு ஒரு எட்டு வெளியே வைக்காமல். வெளிநாடு போகிற நம் ஆட்கள் என் குரலைப் போனில் போட்டுக் காதில் மாட்டிக்கொண்டு நடப்பார்களாம். "பாலத்தைக் கடந்து இடப்பக்கம் திரும்புங்கள்" என்று நான் சொன்னால் திரும்புவார்கள். இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்டுப் பூனைகூடத் திரும்பாது.

இந்த வேலையைப் பிடித்துத் தந்தது சபரிநாதன். சிவகாசியில் அவன் ஒலிப்பதிவு அறை ஒரு பாய் விரிக்கிற அகலம்தான். ஜவுளிக்கடை விளம்பரம், கோயில் கொடை அறிவிப்பு எல்லாம் அங்கேதான் பேசுவேன். மூச்சிரைப்பு வந்து பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற மருந்தறையை விட்டு நின்ற பிறகு எனக்கு இதுதான் வேலை. பதினொரு வருஷம் அந்த மருந்துப் பொடியைத் தின்றும் குரல் மட்டும் எப்படியோ தப்பிவிட்டது.

9 ஜூலை

பதிந்ததை நடந்து பார்க்க வேண்டும். சொல்லுகிற நேரமும் கால் நடக்கிற நேரமும் ஒத்துப்போகாவிட்டால், ஆள் பாலத்தில் நிற்கும்போது குரல் தேவாலயத்துக்குள் போய்விடும். அதனால் சாயங்காலம் பெருமாள் கோயில் அடிவாரத்திலிருந்து ஸ்டேஷன் வரை காதில் மாட்டிக்கொண்டு போகிறேன். ஊருணிதான் எனக்குக் கால்வாய். அச்சாபீஸ்கள் இருக்கிற சந்தில் நுழையும்போது மிஷின் சத்தம் படகுச் சத்தமாகிவிடுகிறது. மை வாடை மட்டும் மாறுவதில்லை.

பக்கத்து வீட்டுக் குருவம்மாள் மதினி என்னை நிறுத்திச் சர்க்கரை வந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். இனி அந்த வீட்டுப் பாயசம் எனக்கு இல்லை.

12 ஜூலை

ஆறாவது நடை வந்துவிட்டது. முதல் பக்கத்திலேயே மானம் போயிற்று. 'காபிஷாப்' என்று இருந்ததைக் காப்பிக்கடை என்று வாசித்து, சரளமாக இருக்கட்டுமே என்று "சூடாக ஒரு காப்பி குடித்துவிட்டு நடையைத் தொடருங்கள்" என்று நானாகச் சேர்த்தும் விட்டேன். சபரி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரிக்கிறான், சிரிக்கிறான்.

"யக்கா, அது கஞ்சாக் கடை. குடும்பத்தோட போறவுகளை உள்ள அனுப்பிவிட்டுருவீக போல."

கடை போட்டு, பலகை மாட்டி விற்கிறார்களாம். உள்ளே புகைக்கலாம், சாராயம்தான் கூடாதாம். தெருவில் வைத்துப் புகைத்தால் அபராதமாம். இங்கே கம்பெனி வாசலில் மடியைத் தடவி ஒற்றைத் தீக்குச்சியைக்கூடப் பிடுங்கி வைப்பார்கள். ஊருக்கு ஊர் பயம் வேறு போலிருக்கிறது.

13 ஜூலை, ஞாயிறு

இரவு, ஆறாவது நடையில் வருகிற அந்தத் தெரு கனவில் வந்தது. வரிசையாக ஆள் உயரக் கண்ணாடி. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்பு விளக்கு. கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வொரு பெண். கீழே தண்ணீரில் அந்தச் சிவப்பெல்லாம் கலங்கி ஓடுகிறது. நான் நடக்கிறேன், மூச்சு வாங்கவில்லை. அதுதான் பெரிய அதிசயம். ஒரு பெண் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, சாப்பிட்டீகளா என்றாள்.

விழித்த பிறகு எழுத்துப் பிரதியை மறுபடி வாசித்தேன். கூட்டமாக ஆட்களைக் கூட்டிப்போய் அந்த ஜன்னல்களைக் காட்டுவது இப்போது அங்கே தடையாம். அதனால்தான் காதுக்குள் குரல். படம் எடுக்கக் கூடாது என்று மூன்று இடத்தில் போட்டிருக்கிறது. நல்லது. தீபாவளிக்கு முன்னால் எங்கள் மருந்தறை வாசலில் வந்து நின்று, வெள்ளிப்பொடி அப்பிய என் கையை ஒரு வார்த்தை கேட்காமல் படம் எடுத்துப் போனவர்கள் எத்தனை பேர்.

எல்லாம் சரி. ஒரு சொல்தான் இடிக்கிறது. அந்தப் பெண்களைப் பிரதி முழுக்க 'விலைமாதர்' என்று எழுதியிருக்கிறார்கள். ஏழு இடம்.

15 ஜூலை

இன்று மைக் முன்னால் மூன்று தடவை அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். வாய் வரவில்லை. தொண்டை அடைப்பு என்று சபரியிடம் பொய் சொன்னேன்.

உனக்குமா பொய், நோட்டே? எழுதிவிடுகிறேன்.

2019 தீபாவளி சீசன். கம்பெனி வேன் பழுதாகி, வீடு வந்து சேர ஒன்பதரை ஆகிவிட்டது. வேன் டிரைவர் வாசல் வரை இறக்கிவிட்டுப் போனார். இவர், என் வீட்டுக்காரர், வாசலில் நின்றுகொண்டு, எங்கேடி போயிட்டு வர்றே என்று கேட்டு, ஒரு வார்த்தை சொன்னார். தெருவே கேட்டது. அதை இங்கே எழுத என் கை வராது. உள்ள போயிட்டேன். கையைக் கழுவினேன். கழுவிக்கிட்டே இருந்தேன், அந்தப் பொடி எங்க போகுது? சோறு வைச்சேன். அவரும் தின்னுட்டுப் படுத்துட்டார். காலையில ஒண்ணுமே நடக்காதது மாதிரி டீ கேட்டார்!

அவருக்கு அது அன்றைக்கே மறந்துபோயிருக்கும். கெட்டவர் இல்லை. என்னை அடித்ததில்லை, குடிப்பதில்லை. லாரியில் வடக்கே லோடு கொண்டு போனால் தினம் இரண்டு தடவை கூப்பிடுகிற மனுஷன். இருந்தாலும் விலைமாதர் என்பது அதே வார்த்தைதான், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

18 ஜூலை

பதிந்து அனுப்பியாயிற்று. ஏழு இடத்திலும் 'இங்கே வேலை பார்க்கும் பெண்கள்' என்று மாற்றிச் சொன்னேன். என்ன தப்பு? வேலைதானே பார்க்கிறார்கள். வரி கட்டுகிறார்கள் என்று பிரதி எழுதினவர்களே எழுதியிருக்கிறார்கள்.

24 ஜூலை

சென்னையில் இந்த நடைகளின் தமிழைச் சரிபார்க்கிற மகேஷ்குமார் என்பவர் பதில் போட்டிருக்கிறார். குரல் அருமையாம். ஆனால் 'வேலை பார்க்கும் பெண்கள்' என்றால் கேட்பவர்கள் ஹோட்டல் பணியாளர்கள் என்று நினைத்துக்கொள்வார்களாம். விலைமாதர் மரியாதையான சொல்தானாம். திங்கட்கிழமைக்குள் மாற்றித் தராவிட்டால் வேறு குரல் பார்ப்பார்களாம். அடுத்து பாரிஸ், பிராக் இரண்டு ஊருக்கும் அந்தக் குரலே தொடருமாம்.

பிராக். பெயரே எவ்வளவு நன்றாக இருக்கிறது.

25 ஜூலை

ஒரே ஒரு சொல்தானே, கற்பகவல்லி?

28 ஜூலை, திங்கள்

போனேன். மைக் முன்னால் உட்கார்ந்தேன். சபரி பாவம், என்னை அவசரப்படுத்தவில்லை. மற்றச் சொற்கள் எல்லாம் வந்தன. அந்த இடத்தில் உதடு ஒட்டிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். பழைய பதிவு எதிலாவது நான் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் வெட்டி ஒட்டிவிடலாமாம். அரை மணி நேரம் தேடினான்.

"உங்க குரல்ல அந்த வார்த்தை எங்கயுமே இல்லக்கா."

எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. முடியாது என்று எழுதி அனுப்பச் சொன்னேன்.

4 ஆகஸ்ட்

வேறு குரல் கிடைத்துவிட்டதாம். ஐந்து நடை என்னுடையது, ஆறாவது அவளுடையது. பாரிஸும் அவளுக்கு. பிராக்கும்.

அழுதேன். சொல்ல என்ன வெட்கம்? எனக்குப் போக இன்னும் இரண்டு ஊர் இருந்தது, இப்போது இல்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

காதில் எதுவும் மாட்டாமல் நடந்தேன். ஊருணிப் பக்கம் போனதும் கால் தானாக மெதுவானது. தண்ணீர் சிவந்திருந்தது, மறைகிற சூரியன்தான். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வந்தன. கண்ணாடி துடைத்தவளைத் தேடினேன். இன்றைக்கு அவளுக்கு விடுமுறை போல. ரயில் கூவிய பிறகுதான் திருத்தங்கல் திரும்பி வந்தது.

30 ஆகஸ்ட்

நடைகள் வெளியாகிவிட்டன. இவர் நேற்று நாக்பூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். போகிற வழியில் கேட்க வேண்டும் என்று சபரியிடம் போய் எல்லாவற்றையும் போனில் ஏற்றி வாங்கியிருக்கிறார். ஆறாவது நடை எதைப் பற்றியது என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை.

3 செப்டம்பர், புதன்

காலை ஆறரைக்கு இவர் கூப்பிட்டார். லோடு இறங்கக் காத்திருக்கிறாராம். பின்னால் லாரிகளின் சத்தம். ஐந்து நடையும் கேட்டுவிட்டாராம், இரண்டு தடவை. கிளீனர் பையனுக்கும் போட்டுக் காட்டினாராம். ஆறாவதில் வேறு யாரோ பேசுகிறாளே, உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்றார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை, அதில் ஒரு சொல் எனக்குச் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான் என்றேன். எந்தச் சொல் என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று நினைத்தேன்.

"அஞ்சையும் நீ சொன்ன மாதிரியே ஆறாவதையும் சொல்லு. இங்கன நடக்க இடம் கெடக்கு" என்றார்.

அரிசி டின்னுக்கு மேலே இருந்த பிரதியை எடுத்தேன். பழைய தேவாலயத்தின் முன் நிற்கச் சொன்னேன். அவர் நடக்கிற செருப்புச் சத்தம் கேட்டது. பாலத்தில் ஏற்றினேன், இறக்கினேன். காபிஷாப்பில் சிரித்தார். படம் எடுக்காதீர்கள் என்றேன். பிறகு அந்த இடம் வந்தது. இங்கே வேலை பார்க்கும் பெண்கள், என்று வாசித்தேன்.

செருப்புச் சத்தம் நின்றது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"கற்பகம்" என்றார். "அன்னைக்கு நீயும் வேலைக்குப் போயிட்டுத்தான வந்தே."

ஆறு வருஷம். எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாங்க" என்றேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது, அவருடையதா என்னுடையதா தெரியவில்லை. மிச்சத்தையும் சொல்லு என்றார். வலப்பக்கம் திரும்பச் சொன்னேன்.