சும்மா கிடைக்கும் தேநீர்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வாழ்க்கைப்பட்டுப் போன இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலில் முதல் ஓட்டுப் போடப்போவதாக சொன்னாலும் சொன்னாய், இங்கே பர்மாவில், தாமுவேயில் நம் டீக்கடை இரண்டுபட்டுவிட்டது.

அரிசியும் மருத்துவமும் அரசாங்கமே தரும் என்பவருக்குத்தான் நீ போடவேண்டுமாம். இது அப்பா. வியாபாரிகளைச் சுதந்திரமாக விடுவேன் என்பவருக்குத்தானாம். இது எதிர்த் தையற்கடை லூர்து மாமா.

நேற்று மாமா, "சும்மா குடுத்தா ஜனம் சோம்பேறியாயிடும்" என்று மேசையைத் தட்டினார். தட்டிய கையோடு, மேசைக்கு மேசை நாம் இலவசமாக வைக்கும் வெறுந்தேநீரை ஊற்றிக்கொண்டார்.

அப்பா கெட்டிலைப் பிடுங்கினார். "அப்ப இதுக்குக் காசு வையி!"

"நீ அவ்வளவு தர்மவான்னா பால் டீயையும் எல்லாருக்கும் சும்மா ஊத்து, கோ பழனி!" என்று அப்பாவை பர்மிய வழக்கில் 'அண்ணன்' போட்டுத் திருப்பிக் கேட்டார் மாமா.

கடையே கைதட்டியது. சிலர் உடனே பால் டீ கேட்டார்கள். மாமா கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை முதல் நான் அவரிடம் தையல் பழகுவதாக இருந்தது. பள்ளியை விட்டபின் நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். நானாக வாய் திறந்து கேட்கமாட்டேன் என்று உனக்குத் தெரியுமே.

இன்று காலை கெட்டிலைக் கொண்டுபோய் மாமாவின் மெஷின் பக்கத்தில் வைத்தேன்.

"உங்கப்பன் குடுத்தனுப்பினானா?"

தலையாட்டினேன்.

"சரி, திங்கக்கெழம வந்துடு."

திரும்பி வந்தால் அப்பா, "என்ன, அவனே கேட்டு வாங்கினானா?" என்றார். அதற்கும் தலையாட்டினேன். அப்பா சிரித்துவிட்டார்.

தேர்தலன்று இருவரும் உனக்கு போன் செய்வார்கள், அக்கா. யார் என்ன கேட்டாலும் "ம்" என்று மட்டும் சொல். ஓட்டை உன் இஷ்டப்படி போடு.

இப்படிக்கு,
தலையாட்டும் தங்கை