முழம் போட்டு எடுத்த ஆட்டக்காரன்

அன்புள்ள லோரெட்டா,

உன் பல்வலி தணிந்ததா? மாமா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம், ஹோட்டல் முட்டையைத் தின்று நாக்குதான் செத்துவிட்டது.

நேற்று எங்கள் மேதாவிகள் புது ஆட்டக்காரனைத் தேர்ந்தெடுத்தார்கள். போன பருவத்தில் கடைசியாக வந்த கூடைப்பந்து அணி என்பதால், கல்லூரிப் பையன்களில் முதலில் எடுக்கும் உரிமை எங்களுக்கு. அத்தனை தோல்விக்கும் கிடைத்த ஒரே கூலி அது. அதையும் பாழாக்கினார்கள்.

குளிர்காலம் முழுக்க ஊர் ஊராய் அலைந்து கல்லூரி ஆட்டங்களைப் பார்த்த நான் கீனன் என்ற பையனைச் சொன்னேன். முதலாளி விட்கோம்ப் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. பையன்களின் காலணியைக் கழற்றி உயரம் பார்த்தார்கள், கையை விரிக்கச் சொல்லி முழம் போட்டார்கள், வேறொருவனைப் பிடித்துவிட்டார்கள்.

"கை எவ்ளோ நீளம் பாத்தியா, ரே?" என்றார் முதலாளி.

"பாத்தேன் சார். மேல் அலமாரி டப்பாவை எடுக்க உதவும். நமக்கு ஆடத் தெரிஞ்சவன் வேணும். கையை அளக்கிறது தையல்காரன் வேலை."

யாரும் சிரிக்கவில்லை. கீனனை அடுத்த அணி கொத்திக்கொண்டு போனது.

கவலைப்படாதே, வேலை போகவில்லை. குளிருக்குப் பேர்போன மினசோட்டாவில் சின்னக் கல்லூரிகளைப் பார்க்க அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். மேல் அலமாரியிலிருக்கும் என் கம்பளித் தொப்பியை அனுப்பிவை. ஜூன் மாதத்தில் எதற்கென்று கேட்காதே, பனி விழும்வரை என்னைத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். உன் தலையணை உறை ஒன்றையும் துவைக்காமல் சேர்த்து வை.

தொப்பி எட்டாவிட்டால் நாற்காலி போட்டு ஏறிக்கொள். கை நீளமானவன் எவனையும் கூப்பிடாதே. எங்கள் முதலாளி கண்ணில் பட்டால் அவனையும் அணியில் எடுத்துவிடுவார்.

டாக்ஸி வந்துவிட்டது.

உன் ரேமண்ட்