புதன்கிழமை மட்டும் தெரிந்த ஊர்

அக்டோபர் 18, வியாழன்

ஐம்பது வருஷமாக இந்த ஊருக்கு வந்துபோகிறேன். எல்லாம் புதன்கிழமை, ஆட்டுச் சந்தை நாள். ஆடுகளை இறக்கு, ஏலம் முடியும்வரை கம்பியில் சாய்ந்து நில், தீவனக் கடை, இரும்புக் கடை, ஒரு தட்டு இறைச்சியும் உருளைக்கிழங்கும், பொழுது சாய்வதற்குள் மலையேறு. ரிட்வென் ஊருக்கு வேறு கிழமைகள் உண்டா என்று யோசித்ததே இல்லை.

இன்று மதியம் கோட்டு, டை மாட்டிக்கொண்டு ரொட்டி வாங்க இறங்கினேன். தெரு முழுக்கக் கதவு சாத்திக் கிடந்தது. யாரோ பெரிய மனிதர் இறந்துவிட்டார் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மணிக்கூண்டு வரை மெதுவாக நடந்தேன். எதிரே வந்த டெலித்திடம், "யாரு போய்ட்டாங்க?" என்று கேட்டேன். டெலித்தின் இரும்புக் கடைக்கு மேல் மாடியில்தான் குடியிருக்கிறேன்.

"யாரும் போகல. வியாழக்கிழமை மதியம் கடையடைப்பு. நூறு வருஷமா இப்படித்தான். ஆறு மைல் தள்ளிப் பொறந்தவருக்கு இது தெரியாதா?"

தெரியாதுதான். தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். ரொட்டி இல்லை.

அக்டோபர் 19, வெள்ளி

மழை. மணிக்கூண்டு கால் மணிக்கு ஒரு தரம் அடிக்கிறது. யாருக்காக இப்படி அடிக்கிறது? எனக்கு எங்கும் போக வேண்டியதில்லை.

அக்டோபர் 24, புதன்

சந்தைக்குப் போனேன். விற்க ஆடு இல்லை, வாங்கினால் விட நிலம் இல்லை. எம்லின் பிப்ரவரியில் போனான். அண்ணன் இல்லாமல், இந்த முழங்காலோடு ஒரு குட்டி ஈனும் பருவத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, செப்டம்பரில் எங்கள் வோயில் பண்ணையைக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். ஆனாலும் கால் அதுவாகச் சந்தைக்குப் போகிறது. வழக்கமான கம்பியில் சாய்ந்து நின்றேன். ஏலக்காரர் பழக்கத்தில் என் பக்கம் பார்த்தார். இரண்டு கையையும் பையில் விட்டுக்கொண்டேன். விலை கேட்டதாக ஆகிவிடும் என்று மூக்கைக்கூடச் சொறியவில்லை.

"என்ன இட்வல், வாங்க வந்தியா, விக்க வந்தியா?"

"பாக்க வந்தேன்."

கம்பியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு புழு மருந்து, கால் அழுகல், இந்த வருஷப் புல் என்று பேச்சு போனது. எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம். ஆனால் சொல்ல வாய் எடுத்தால், "எங்க ஆடு" என்று தொடங்க வேண்டியிருக்கிறது. பேசாமல் நின்றுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 30, செவ்வாய்

அழுக்குத் துணி இரண்டு மூட்டை சேர்ந்துவிட்டது. பாலத்துத் தெரு முனையில் சலவைக் கடை இருக்கிறது, மெஷினில் போட்டு உட்கார்ந்திருக்கலாம் என்று டெலித் சொன்னாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே துண்டு மடித்துக்கொண்டிருக்கிறவள் நெஸ்டா. அப்படியே திரும்பி வந்துவிட்டேன். அவள்தான் கடையை நடத்துகிறாளாம். புருஷன் இறந்த பிறகு ஊருக்கே திரும்பி வந்துவிட்டாளாம். டெலித் இதை முதலில் சொல்லியிருக்கக் கூடாதா?

நெஸ்டாவிடம் இருபத்தாறு வருஷமாகப் பேச்சில்லை. காரணத்தை இதுவரை எழுதி வைத்ததில்லை. இப்போது எழுதுகிறேன், வேறு வேலை என்ன இருக்கிறது.

ஜனவரியில் எங்கள் மலையடிவாரத் தேவாலயத்தில் பிளகைன் என்ற கிறிஸ்துமஸ் காலப் பாட்டு வழிபாடு நடக்கும். ஒவ்வொரு வீட்டுக் குழுவாக எழுந்து போய், பக்கவாத்தியம் இல்லாமல், தங்கள் வீட்டுப் பாட்டைப் பாடிவிட்டு வந்து உட்கார வேண்டும். யாரும் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள், யாரும் கைதட்ட மாட்டார்கள். ஒரு தடவை பாடிய பாட்டை அன்றைக்கு வேறு யாரும் பாடக் கூடாது. வோயில் வீட்டுப் பாட்டு எங்கள் தாத்தாவின் தாத்தா காலத்தது. எம்லின் மேல் குரல், நான் கீழ்க் குரல்.

அந்த வருஷம் பனி. டிராக்டர் பாதி வழியில் புதைந்து, நடந்து போய்ச் சேர்ந்தோம். கதவைத் திறக்கும்போது உள்ளே எங்கள் பாட்டு கேட்கிறது. நெஸ்டா, அவள் அப்பா ஹவல், அவள் தம்பி — மூன்று பேரும் நின்று எங்கள் பாட்டைப் பாடுகிறார்கள். ஹவல் சிறு வயதில் எங்கள் பண்ணையில் வேலை பார்த்தவர், என் அப்பாவோடு அதே பாட்டுக்கு நின்றவர். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? எம்லின் என் கையைப் பிடித்து இழுத்தான். வந்த பனியிலேயே திரும்பி நடந்தோம்.

அந்த வசந்தத்தில் நெஸ்டாவிடம் ஒன்று கேட்கத்தான் இருந்தேன். கேட்கவில்லை. அவ்வளவுதான்.

துணியைக் குளியல் தொட்டியில் போட்டு மிதித்தேன்.

நவம்பர் 8, வியாழன்

டெலித் மேலே வந்து கத்திவிட்டுப் போனாள். என் சட்டைகளிலிருந்து சொட்டிய தண்ணீர் தரை வழியாக இறங்கி அவளுடைய ஆணிப் பெட்டிகளில் விழுந்திருக்கிறது.

"ரெண்டு இஞ்சு ஆணி பூரா துருப்பிடிச்சுப் போச்சு. அங்க மெஷின் இருக்குல்ல? நெஸ்டா என்ன கடிச்சா வைக்கப் போறா?"

நவம்பர் 9, வெள்ளி

போனேன். நெஸ்டா தலை நிமிர்ந்து பார்த்தாள். முடி நரைத்துவிட்டது. முகம் அதே முகம்.

"மூணாம் நம்பர்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கதவ உதைச்சாத்தான் மூடும்."

உதைத்தேன். மூடியது. நாற்பது நிமிஷம் சட்டை சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது அவள் சொன்னது: "கம்பளிய வெந்நீர்ல போட்டுட்ட. இனிமே அது உனக்கு ஆகாது, பொம்மைக்குத்தான் ஆகும்."

வழியெல்லாம் என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 15, வியாழன்

வியாழன் மதியம் ஊரில் திறந்திருப்பது சலவைக் கடை மட்டும். மூன்றாம் நம்பர். இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம். மழை நிறையப் பெய்கிறது என்று ஒத்துக்கொண்டோம்.

நவம்பர் 22, வியாழன்

இன்று அவளாகத்தான் ஆரம்பித்தாள். துண்டை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"எம்லின் அடக்கத்துக்கு வந்தேன். பின்னாடி நின்னேன். நீ பாக்கல."

"பாக்கல."

"பாத்திருந்தா பேசியிருப்பியா?"

நான் மெஷின் கதவை இன்னொரு தரம் உதைத்தேன்.

"அன்னைக்கு மலப்பாத அடச்சுப் போச்சுன்னு சொன்னாங்க இட்வல். உங்க பெஞ்சு காலி. வோயில் பாட்டு இல்லாம நம்ம சர்ச்சுல பிளகைன் நடந்ததே இல்ல, அவங்களுக்காக நாம பாடிருவோம்னு அப்பா எந்திரிச்சாரு. நீங்க வருவீங்கன்னு யாருக்குத் தெரியும்? ரெண்டாவது சரணம் பாடறப்போ கதவு தெறந்துச்சு. ஆனா பாதியில நிறுத்த முடியாதே."

"வந்து சொல்லியிருக்கலாம்ல?"

துண்டைக் கீழே வைத்துவிட்டாள். "வந்தாரே! அடுத்த ஞாயித்துக்கிழம, அந்தப் பனியில, நடந்தே வந்தாரே! எம்லின் கேட்டத் தொறக்கவே இல்ல. உன்கிட்டச் சொல்லலியா?"

நான் ஈரத் துணியை அப்படியே மூட்டையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

எம்லின் தினம் ஒரு வரி டைரி எழுதுவான். முப்பது டைரிகள் பெட்டியில் இருக்கின்றன. அந்த வருஷத்து டைரியை எடுத்துப் பார்த்தேன். ஜனவரி, பிளகைனுக்கு அடுத்த ஞாயிறு: "பனி. இரண்டு ஆடு நொண்டுகிறது. ஹவல் கேட்டுக்கு வந்தான். திருப்பி அனுப்பினேன். இட்வலிடம் சொல்லவில்லை."

நவம்பர் 23, வெள்ளி

சொல்லல. ஏன்டா சொல்லல? இருபத்தாறு வருஷம் எதிர் நாற்காலியில உக்காந்து கஞ்சி குடிச்சியே — ஒரு நாளாவது வாயில வரலியா உனக்கு? நான் மேட்டுல ஆட்டுக்கு வைக்கோல் போட்டுட்டு இருந்தேன். கூப்பிட்டா கேக்கற தூரம்!

நானும்தான். ஒரு நாளாவது நானாகப் போய்க் கேட்டேனா? நீ முகத்தைத் திருப்பினால் நானும் திருப்பினேன். அப்போதே நாற்பது வயதுக் கிழக் குழந்தை.

எம்லின் இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது திட்டுவதற்கும் அவன் இல்லை. இது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

டிசம்பர் 1, சனி

யாரோடும் பேசவில்லை. ரொட்டிக் கடையில் "ஒண்ணு" என்றதைத் தவிர.

டிசம்பர் 6, வியாழன்

நெஸ்டா கேட்டாள்: "இந்த வருஷம் உங்க பாட்டு என்னாகும்?"

"கீழ்க் குரல மட்டும் தனியா யார் கேப்பா? வேலியில கம்பி இல்லாம கட்டை மட்டும் நிக்கிற மாதிரி இருக்கும்."

"மேல் குரல் தெரிஞ்சவங்க ஊர்ல இல்லாமலா போய்ட்டாங்க?"

அவள் விரலை நீட்டினாள். "ஆனா ஒண்ணு. கேக்காம அந்தப் பாட்டத் தொட்டு இருபத்தாறு வருஷம் பட்டாச்சு. அப்பா அந்தக் கவலையோடயே போய்ச் சேர்ந்தாரு. இனி நீ வாயத் தொறந்து கூப்பிடாம நான் எந்திரிக்க மாட்டேன்."

ஒரே ஒரு சொல். வா. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மெஷின் நின்றது. நான் எழுந்து துணியை எடுத்தேன். "நேரமாச்சு," என்றேன். எனக்கென்ன நேரம்? மடையன்.

டிசம்பர் 20, வியாழன்

கேட்கவில்லை.

டிசம்பர் 25, செவ்வாய்

டெலித் ஒரு தட்டில் வாத்துக் கறி கொண்டுவந்து கொடுத்தாள். சூடாக இருந்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை. பாலம் வரை நடந்தேன். சலவைக் கடை பூட்டியிருந்தது. மேல் மாடியில் விளக்கு எரிந்தது. ஆற்றில் தண்ணீர் கலங்கலாக ஓடியது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

ஜனவரி 10, வியாழன்

கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிளகைன். வோயில் வீட்டிலிருந்து யாரும் எழுந்திருக்காவிட்டால் பாட்டு அதோடு போயிற்று. அடுத்த வருஷம் யாரும் அந்த இடத்தை விட்டுவைக்க மாட்டார்கள், விட்டுவைக்கவும் வேண்டாம்.

ஜனவரி 13, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், நாளைக்கு என்னையே நம்ப மாட்டேன்.

எங்கள் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். நெஸ்டா நான்கு வரிசை பின்னால். பாதிரியார் ஜெபம் சொல்லிவிட்டு, பிளகைன் திறந்தது என்று சொல்லி உட்கார்ந்தார். ஒரு குழு, இன்னொரு குழு. ஐந்தாவதாக மில் வீட்டார் பாடி முடித்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு அடுத்தது எப்போதும் நாங்கள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. எங்களுக்கு அடுத்த குழு நினைத்தால் எழுந்திருக்கலாம், எழுந்திருக்கவில்லை. யாரோ இருமினார்கள். மறுபடி சத்தமில்லை. ஊரே எனக்காக உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. இந்த மூன்று மாதத்தில் ஒரு ஆள்கூட என்னைத் தேடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேனே!

எழுந்து போனேன். எம்லினின் சுருதிக் கவையை முழங்காலில் தட்டிக் காதில் வைத்து, அது கொடுத்த சுருதியிலேயே ஆரம்பித்தேன். இரண்டாவது வரியிலேயே குரல் உடைந்தது. அழுகை இல்லை, சுருதி ஏறிவிட்டது. கவை சொல்வதிலிருந்து எம்லின் எப்போதும் இறக்கித்தான் எடுப்பான் போலிருக்கிறது. அதையும் என்னிடம் சொல்லவில்லை. நின்றுவிட்டேன். பிளகைனில் பாதியில் நின்றவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதைவிட அவமானம் இனி என்ன இருக்கிறது? "நெஸ்டா," என்றேன். பேர் சொல்லிக் கூப்பிடாத இடத்தில், எல்லோர் காதிலும் விழும்படி. "வா. வந்து பாடு."

அவள் செருப்புச் சத்தம் கல் தரையில் கேட்டது. பக்கத்தில் வந்து நின்றாள். கவையை என் கையிலிருந்து வாங்கினாள்.

"ரெண்டு சுரம் எறக்கு. எனக்கு என்ன இருபது வயசா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். முதல் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பாடினோம். ஏழு சரணமும். ஒரு எழுத்து தப்பவில்லை அவளுக்கு. நான்காவது சரணத்தில் எம்லின் எப்போதும் அவசரப்படுவான். அவள் அவசரப்படவில்லை, நான்தான் முந்திவிட்டுக் காத்திருந்தேன். யாரும் கைதட்டவில்லை. அடுத்த குழு எழுந்து வந்தது.

கடைசிப் பாட்டுக்கு, வழக்கப்படி, அன்று பாடிய ஆண்கள் எல்லோரும் முன்னால் போனார்கள். நானும் போனேன். பின்பு பக்கத்துக் கூடத்தில் சாப்பாடு. பழ ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே ஹவலைப் பற்றிச் சொன்னேன், வந்தது எனக்குத் தெரியாது என்று. "தெரியும், அன்னைக்குக் கடையிலயே உன் மூஞ்சியில தெரிஞ்சுது," என்றாள். எம்லின் மேல் கோபம் இன்னும் போகவில்லை. அவன் பாதி ரொட்டியை எப்போதும் எனக்கு வைப்பான் என்றும் ஞாபகம் வந்தது.

ஜனவரி 16, புதன்

சந்தைக்குப் போகவில்லை. போகவில்லை என்பதே சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது.

ஜனவரி 17, வியாழன்

மதியம் கடையடைப்பு. டை கட்டிக்கொண்டேன். துவைக்கத் துணி ஒன்றும் இல்லை. போனேன்.