ஆனியின் வலது கை

17 ஜூன் 1946, திங்கள்
இன்று நாலு வரி கோணாமல் எழுதிவிட்டேன். அறுபத்து நாலு வயதில் எழுத்து வந்திருக்கிறது எனக்கு! கச்சேரி ரோட்டில் நடந்தால் கடைப் பலகை எல்லாம் என்னோடு பேசுகிறது.
சொல்லிக் கொடுத்தவள் ஆனி, என் பெண்டாட்டி. மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். போன வருஷம் புற்றுநோய் என்று வலது மார்பை எடுத்தார்கள். பிறகு ரேடியம் வைத்தார்கள். படுக்கையில் இருந்துகொண்டே என்னை எழுத வைத்தாள்.
இப்போது அவள் வலது கை வீங்கி வருகிறது.

20 ஜூன்
வளையல் சதையில் புதைந்துவிட்டது. சோப்புத் தண்ணீர் போட்டும் கழலவில்லை. உடைத்துத்தான் எடுத்தேன்.
"நீங்க குத்துக்கல்லாட்டம் கீறப்பவே எனக்கு வளையலை உடைக்கிறீங்களே" என்றாள். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

24 ஜூன்
பக்கத்து வீட்டு நோரா மூன்று நாள் முன்னால் வந்து பார்த்தாள். "யானைக்கால் கைக்கும் வரும் அண்ணே. நம்ப தெரு கொசு அப்படி." அப்படிச் சொல்லிப் போனவள் குழாயடியில் எங்கள் குடத்தைக் காலால் தள்ளி வைக்கிறாள். பூசையில் ஆனிக்குப் பக்கத்தில் உட்காருவதில்லை. ஆனியும் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறாள். சிலுவை போடக்கூட வெளியே எடுப்பதில்லை.
நானும் யானைக்கால் என்றுதான் நம்புகிறேன். மாதா கோயில் சாமியாரிடம் மந்திரித்த கயிறு வாங்கி முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். வீக்கம் தோளுக்கு ஏறக்கூடாது.

2 ஜூலை
களைப்பு. சோறு, துணி, தண்ணீர் எல்லாம் நான்தான். கயிற்றை இன்னும் இறுக்கினேன்.

9 ஜூலை
மகள் ஐரினுக்குக் கடிதம். பெங்களூரில் நர்ஸ். ஆனி சொல்லச் சொல்ல எழுதினேன். "நான் சுகம்" என்றாள். நிறுத்தினேன். என்ன சுகம்? டாக்டரிடம் போகலாம் வா என்றேன்.
"போனா நோய் திரும்பிடுச்சும்பாரு. இன்னொரு தபா கத்தி வெக்க என்கிட்ட இன்னா கீது?"
இத்தனை நாளும் அந்தப் பயத்தோடுதான் இருந்திருக்கிறாள். நான் கொசுவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.
கடிதத்தின் அடியில் அவள் சொல்லாத ஒரு வரி சேர்த்தேன். அம்மாவின் வலது கை தலையணை போல் வீங்கியிருக்கிறது. சட்டென்று மடித்து ஒட்டினேன். நானாக யாருக்கோ எழுதிய முதல் வரி. சந்தோஷப்படவேண்டும். திருடின மாதிரி இருக்கிறது.

18 ஜூலை
பதில் வந்தது. தபால்காரர் ஆனி கையில் கொடுத்துவிட்டார். ஆபரேஷன் செய்த டாக்டர் ரகுபதியிடம் உடனே காட்டச் சொல்கிறாள் ஐரின்.
"இதுக்கா உங்களுக்கு எழுதக் கத்துக்குடுத்தேன்?"
கடிதத்தை என் மடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தாள். டாக்டரிடம் வரவில்லை.

23 ஜூலை
கோபத்தில் ஆனியே மீன் கழுவும்போது முள் குத்தியிருக்கிறது. சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் கை முழுக்கச் சிவப்பு, நெருப்பாகக் காய்ச்சல். என்ன செய்வேன் — ஜட்கா வண்டியில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

26 ஜூலை
மூன்று நாளாக ஆஸ்பத்திரியில். போனதும் டாக்டர் ரகுபதி முதலில் கயிற்றை வெட்டினார். "யாருங்க இதைக் கட்டினது? இருக்கிற கொஞ்ச வழியையும் அடைச்சு வெச்சிருக்கீங்க." தலை குனிந்தேன்.
ரத்தம் எடுத்துப் பார்த்தார். தழும்பை எல்லாம் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார். "யானைக்கால் இல்லைம்மா. புற்றும் திரும்பலை. அன்னைக்கு மார்போட அக்குள்ல இருந்த நெறிக்கட்டி அத்தனையும் எடுத்தோம். மேலே ரேடியம் வேற. கையில ஊர்ற நீர் அந்த வழியாத்தான் திரும்பணும். வழி போச்சு, தேங்கிடுச்சு. எங்க வைத்தியத்தால வந்த வீக்கம்."
ஆனி கண்ணைத் துடைக்க வலது கையைத் தூக்கினாள். முடியவில்லை.
அடையாறு பங்களாவில் முப்பது வருஷம் தோட்ட வேலை செய்தவன் நான். வடிகால் அடைத்தால் பாத்தி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் அதே கையில் அணை கட்டியிருக்கிறேன்.

4 ஆகஸ்ட்
காய்ச்சல் விட்டது. முள், கத்தி எதுவும் படக்கூடாது. படுக்கும்போது கை தலையணைமேல். காலையில் விரலிலிருந்து தோள் பக்கமாக மெதுவாகத் தடவிவிட்டு, துணிப்பட்டி சுற்றுகிறேன். முழுக்கப் போகாது, ஆயுசுக்கும் இப்படித்தான் என்றார் டாக்டர். ஆயுசு என்ற சொல்லைக் கேட்டு ஆனி என்னைப் பார்த்தாள்.

19 ஆகஸ்ட்
தோட்டக் கயிற்றால் அவள் கையின் சுற்றளவை அளந்தேன். போன வாரத்து முடிச்சுக்கு ஒரு விரல் உள்ளே. இடுப்பு வலிக்கிறது. தூங்குகிறேன்.

30 ஆகஸ்ட்
"ஐரினுக்கு எழுதுங்க" என்றாள். "நான் சுகம்னு எழுதுங்க. அடியில உங்க வரியையும் எழுதிக்கோங்க."

8 செப்டம்பர், ஞாயிறு
மாதா பிறந்தநாள் பூசை. வலது பக்கம் மட்டும் பெரிய கை வைத்துத் தைத்த ரவிக்கை. முந்தானைக்குள் மறைக்கவில்லை. வேறு இடமில்லாமல் நோரா எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தாள், கையைப் பார்த்தாள். "தொட்டுப் பாரு நோரா, ஒட்டிக்காது" என்றாள் ஆனி.
சாமியார் சிலுவை போட்டுப் பூசையைத் தொடங்கினார். ஆனி வலது கையைத் தூக்கினாள். நெற்றி. மார்பு. இடது தோளுக்குப் போகும்போது கை கனத்துத் தாழ்ந்தது. பிடிக்கப் போனேன்.
"இருங்க" என்றாள். "நானே."