முதுகு சாய ஓரிடம்

அன்புள்ள எபி அப்பாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் குவைத்தில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? எபிக்கு இருமல் நின்றதா?

சிட்லபாக்கம் மொட்டைமாடியில் நாம் செய்த பத்து நிமிட யோகாவை இங்கும் விடவில்லை. அறையில் பாய் விரிக்க இடமில்லாததால் நின்றபடி செய்கிறேன். கடைசியில் முதுகோடு முதுகு சாய்ந்து மூச்சைக் கவனிப்போமே, அதற்குத்தான் ஆள் இல்லை. ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் சாய்ந்துகொள்கிறேன். வெதுவெதுப்பாக இருக்கிறது.

நேற்று அப்படிக் கண்மூடி உட்கார்ந்திருந்தேன். டூட்டி முடிந்து வந்த சரிதா, என் அறையில் இருக்கும் நம் சென்னைப் பக்கத்துக் கோவளத்துப் பெண், நான் மயங்கிவிட்டதாக நினைத்து, "ஐயோ, இன்னாக்கா ஆச்சு?" என்று அலறி முகத்தில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிவிட்டாள். இருவரும் சிரித்தோம். முகத்தைத் துடைத்து முடிக்கத்தான் எனக்கு நேரமாயிற்று.

"இன்னும் அஞ்சு மூச்சு உட்காரு ஜெரூஷா, இட்லி எங்க ஓடிடப் போவுது?" என்பீர்கள். நான் கேட்காமல் சட்டென்று எழுந்துவிடுவேன். நீங்கள் சாய முதுகில்லாமல் தடுமாறிக் கையை ஊன்றுவீர்கள். இப்போது தினமும் அதுதான் ஞாபகம் வருகிறது. உட்கார்ந்திருக்கலாம்.

சரிதாவின் அண்ணன் அடுத்த வாரம் இங்கே வருகிறார். அவரிடம் நார்த்தங்காய் ஊறுகாயும், நீங்கள் போட்டுப் பழகிய சட்டை ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். ஆஸ்பத்திரி வண்டி ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன்.

ஜெரூஷா

சட்டையைத் துவைத்துவிடாதீர்கள். ஃபிரிட்ஜுக்குப் போர்த்தத்தான்.