சாவைக் கூப்பிட்ட உன் இரண்டு வரி

எபி மச்சான்,

நீ போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. கும்மிடிப்பூண்டியில் எதுவும் நிற்கவில்லை. நம் இரும்பு உருக்கும் கம்பெனியில் நீ நின்ற இடத்தில் இப்போது ஒரு ஒடிசாக்காரர் நிற்கிறார். உன் ஹெல்மெட்டையே அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே உன் பெயர் அப்படியே இருக்கிறது. நல்லவேளை, அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

உன் கவிதைகளை எவ்வளவு கேலி செய்திருப்பேன்! ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு காண்ட்ராக்ட் வேலைக்கு வந்தவன் நீ. இருநூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரக் கவிஞர்களின் பாணியில் தமிழில் புதிதாக எழுதிக்கொண்டிருந்தாய். ஓ மேகமே, ஓ அந்தியே என்று கூப்பிட்டு, பத்துப் பத்து வரியாக எண்ணி எழுதுவாய். உள்ளதை உள்ளபடி கதையாக எழுதுகிற எனக்கு எரிச்சலாக வரும்.

"இன்னாடா இது? நீ மேகம்னு பாடிக்கினு கீறது பக்கத்து கம்பெனி பொகைடா."

"தெரியும் மச்சான். பொகைனு எழுதுனா நீ படிப்ப. எனக்குப் படிக்க ஒண்ணு வேணாமா?"

பழைய இரும்பைத் தூக்கிய கிரேன் சங்கிலி அறுந்து உன்மேல் விழுந்தது. அது தேய்ந்துபோயிருக்கிறது என்று நீயே மூன்று முறை சூப்பர்வைசரிடம் சொன்னாய். மூன்று முறையும் நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி கெட்டது. உயிரோடு இருந்தபோது உன் ஒரு வரியைக்கூட நான் பாராட்டியதில்லையே என்று, கண்ணீர் அஞ்சலி பேனரில் உன் போட்டோவுக்குக் கீழே உன் கவிதையைப் போடச் சொன்னேன். உன் கவிதை நோட்டைப் புரட்டி நானே தேடி எடுத்த வரிகள்:

"சாவே, மெல்ல வா, என் தோளில் கை போடு,
ஷிப்ட் முடிந்த தோழனாய் என்னைக் கூட்டிப் போ."

கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்தில் பத்தடிக்குக் கட்டினோம். மறுநாளே கம்பெனிக்காரன் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டான். சுமை நகரும்போது நீயாகவே போய் அதன் கீழே நின்றாயாம். சாகவேண்டும் என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாயாம். ஆதாரம், நான் கட்டின பேனர்.

விபத்து விசாரணைக்குச் சாட்சி சொல்லப் போனேன். அதிகாரி போட்டோவைக் காட்டினார்.

"இது அவர் எழுதுனதுதானே?"

"ஆமா சார். ஆனா அது ஒரு பாணி. அந்தக் காலத்து இங்கிலீஷ் கவிஞருங்க சாவைக் கூப்ட்டுப் பாடுவாங்க. அதைப் பாத்து எழுதுனது."

"சரி. அவங்கல்லாம் எப்படி செத்தாங்க?"

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நீ சொல்லித் தந்ததை ஒப்பித்தேன். "ஒருத்தர் காசநோய்ல சார், இருபத்தஞ்சு வயசுல. ஒருத்தர் கடல்ல மூழ்கி..."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பெனி மேனேஜர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

எனக்கு வெறி வந்துவிட்டது. அங்கேயே ஒரு தாளை வாங்கி, 'ஓ மரணமே, நட்சத்திரத்தைக் காட்டி என்னைக் கூட்டிப் போ' என்று நாலு வரி எழுதி நீட்டினேன். "இந்தாங்க சார். இப்ப நானும் சாவப்போறனா?"

"பாருங்க சார்," என்றார் மேனேஜர். "இவருக்கும் மனசு சரியில்ல."

மறுநாள் காலை கேட்டில் என் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். டாக்டரிடம் போய் மனசு நன்றாக இருக்கிறது என்று எழுதி வாங்கி வரவேண்டுமாம். வாழ்க்கையில் நான் எழுதின ஒரே கவிதை, எபி. வேலை போய்விட்டது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை உங்கம்மா என் வீட்டுக்கு வந்தார்கள். உட்காரவில்லை.

"டேய் சேகரு, மெய்யா சொல்லு. எம்புள்ள சாவணும்னு நெனச்சிக்கினு இருந்தானாடா? சர்ச்சுல கேக்கறாங்கடா."

"இல்லம்மா. அது வெறும் கவிதை."

"வெறும் கவிதைய ஏண்டா அம்மாம் பெருசா கட்டி வெச்ச?"

நீயே சொல், எபி. பன்னிரண்டு மணி நேரம் உலைக்கு முன்னால் நின்றுவிட்டு வந்து எழுதினாயே, அது பாணிக்காக மட்டும்தானா? ஊர் முழுக்க ஆமாம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். எனக்கு நிஜமாகத் தெரியாது. உன் கவிதையைக் கேலி செய்தேனே தவிர, உன்னை ஒருநாளும் கேட்டதில்லை.

ஆனால் ஒன்று தெரியும். நீ தினமும் சாவைக் கூப்பிட்டிருந்தாலும், அந்தச் சங்கிலியை அவர்கள் மாற்றியிருக்க வேண்டும்.

அடுத்த விசாரணையில் உன் கவிதைக்கு விளக்கம் சொல்லமாட்டேன். அறுந்த சங்கிலி எங்கே என்று கேட்பேன். அதைக் கொண்டுவந்து மேசைமேல் போடும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டேன். உங்கம்மாவையும் பக்கத்தில் உட்காரவைப்பேன். இது சத்தியம்.

கேட்கவேண்டியதைக் கேட்காமல் போன உன் மச்சான்,
சேகர்