குருவி தள்ளிய பட்டு

மாசி 12, செவ்வாய்.

குருவிக்காகக் கொல்லையில் மரப்பெட்டி மாட்டி, தறியில் மிஞ்சிய அரக்கு நிறப் பட்டு நூலை உள்ளே மெத்தையாகப் பரப்பியிருந்தேன். சுகமாகக் கிடக்கட்டும் என்றுதான். இன்று காலை குருவி அந்த நூலை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

"வூட்டைக் காலி பண்ணிக்கினு போவுது போல," என்றாள் என் மனைவி மல்லிகா.

போகவில்லை. தேங்காய் நாரைக் கவ்விக்கொண்டு திரும்பி வந்தது. மல்லிகா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "குஞ்சு கால்ல பட்டு நூலு சுத்திக்கினா அவ்ளோதான். இழுத்தா அறுவுமா அது?"

அறாது. அதைச் சொல்லித்தானே விற்கிறேன். குருவியிடம் யார் சொன்னார்கள்?

தறிக்குப் போகாமல் அண்ணாந்தபடியே நின்றேன். கல்யாணத்துக்குப் பட்டெடுக்க இந்த ஊருக்கு எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். பட்டைத் தள்ளிவிட்டுத் தேங்காய் நாரைத் தேர்ந்தெடுத்த உயிரை இன்றுதான் பார்த்தேன்.